ஒரு நாள் கூலிக்கு ஓர் ஊசி

பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காய நடவும் பருத்தி எடுப்பும், அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் முந்திரிக்காடும் நம் காலனி மக்களுக்குக் கூலி தருகின்றன. இடுப்பு வலியும் மூட்டு வலியும் அந்தக் கூலியோடு சேர்ந்தே வருகின்றன. வேலை முடிந்து திரும்பும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிந்துவிடுகிறது. பகலில் போனால் அன்றைய கூலி போச்சு. அதனால்தான் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வரும் ஊசிக்காரரிடமும், மருத்துவர் சீட்டு இல்லாமல் ‘செட் மாத்திரை’ தரும் மருந்துக் கடையிலும் போய் நிற்கிறோம்.

வலி ஊசிகளில் பரவலாகப் புழங்குவது டைக்ளோஃபினாக். இந்த மருந்து செலுத்தப்பட்ட மாடுகளின் இறைச்சியைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதனால் 2006இல் கால்நடைகளுக்கு இதைப் பயன்படுத்த இந்திய அரசு தடை விதித்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க, 2015இல் ஒரு வேளைக்கான 3 மி.லி. குப்பி மட்டுமே விற்கலாம் என்றது.

மருத்துவர் அளவறிந்து கொடுத்தால் மனிதருக்கு இது பயனுள்ள மருந்துதான். ஆனால், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைத்து உடம்பில் நீர் வற்றியவருக்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கும் அடிக்கடி கொடுத்தால் சிறுநீரகம் பழுதாகலாம். வயிற்றுப்புண் இருந்தால் ரத்தம் கசியும். டெங்கு காய்ச்சலில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். இடுப்பில் இடம் தவறிக் குத்தினால் நரம்பு அடிபட்டுக் கால் விளங்காமல் போகலாம். நெஞ்சு வலியை ‘வாயு’ என்று ஊசி போட்டு அனுப்பினால், மாரடைப்புக்குச் சிகிச்சை தர வேண்டிய நேரம் கைநழுவிவிடும்.

நிமெசுலைடு 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 2011 முதல் தடை செய்யப்பட்ட மருந்து. டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வீட்டில் சொல்ல வேண்டும்.

தகுதியின்றி மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். ஆனால் ஒருவர் கைதானால் மட்டும் நம் இடுப்பு வலி தீராது. தெருவுக்கு மருத்துவர் வராதவரை இன்னொருவர் பையோடு வரத்தான் செய்வார்.

12ஆம் வகுப்பில் 1,176 மதிப்பெண் எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காமல், 2017இல் நாம் இழந்த குழுமூர் அனிதாவின் பெயர் இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு இருக்கிறது. அந்தப் பெயருக்கு மரியாதை, படித்த மருத்துவர் நம் தெருவுக்கு வருவதுதான். கூலி வேலை முடியும் மாலை நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் இருக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் இயன்முறைப் பயிற்சி காலனிக்குள் தவறாமல் வர வேண்டும். கிராமசபையில் இவ்விரண்டையும் தீர்மானமாகக் கேட்போம். அதுவரை, ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரையும் அவருடைய படிப்பையும் கேட்போம். பதில் இல்லையென்றால் கையை நீட்ட வேண்டாம். சந்தேகம் இருந்தால் 104க்குப் பேசலாம். நெஞ்சு வலி என்றால் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.