விறகடுப்பும் புகைபோக்கியும்

அடுப்பு இல்லாத வீடு இல்லை. ஆயினும் அடுப்பைப் பற்றி ஆராய்வார் மிகச் சிலரே. கல்லூரி இரசாயன சாலையில் பன்ஸன் விளக்கின் சுவாலையை நாம் நுணுகி நோக்குகிறோம். அதன் காற்றுத்துளையைத் திறந்தும் மூடியும் பார்த்து, சுவாலை ஒருகால் நீலமாகவும் ஒருகால் மஞ்சளாகவும் தோன்றுவதற்குக் காரணம் எழுதுகிறோம். அதே நியாயம் நம் வீட்டு அடுக்களையிலும் நாள்தோறும் நிகழ்கின்றது. ஆனால் அங்கே அதற்குக் காரணம் எழுதுவார் இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழலால் ஊதுவாரே உளர்.

எரிவாயு வந்துவிட்ட இக்காலத்தில் விறகடுப்பைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 2016-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் பல கோடி எளிய குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்புக் கிடைத்தது உண்மையே. எனினும் விறகு மறைந்துவிடவில்லை. வெந்நீர் வைத்தற்கும், நெல் அவித்தற்கும், உருளை தீர்ந்து கையில் பணமும் இல்லாத நாட்களிலும் சிற்றூர்களில் விறகே எரிகின்றது. இவ்வாறு உலகெங்கும் வீட்டினுள் எழும் புகையினால் 2020-ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறக்குறைய 32 இலட்சம் மக்கள் உயிர்துறந்தனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது. அவருள் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அடுப்பின் முன் அமர்பவள் தாய். அவள் மடியிலிருப்பது குழந்தை. ஆதலின் இஃது அற்பமான விஷயம் அன்று.

முதலாவது, புகை என்பது யாது என அறிதல் வேண்டும். விறகு அப்படியே எரிவதில்லை. வெப்பம் பட்டவுடன் அதிலுள்ள நீர் முதலில் ஆவியாகின்றது. பின்னர் விறகின் எடையில் பெரும்பகுதி, எரியத்தக்க வாயுக்களாகவும் ஆவிகளாகவும் பிரிந்து வெளிப்படுகின்றது. இறுதியில் எஞ்சுவது கரி. நாம் சுவாலை என்று காண்பது, அவ்வாவிகள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி எரிவதேயாம். அவை எரிவதற்குப் போதிய வெப்பமும் போதிய காற்றும் ஒருங்கே வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறையினும் அவை எரியாமலே மேலெழும், அதுவே புகை. எனவே புகை என்பது வீணாகிய விறகு என்று கொள்ளத் தகும். நம் கண்ணைக் கரிப்பதும் நம் பணத்தைக் கரியாக்குவதும் ஒன்றே.

பச்சை விறகு புகைவதற்கும் இதுவே காரணம். அப்பொழுதே வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராயிருக்கும். 100 டிகிரி வெப்பமுள்ள ஒரு கிராம் நீரை ஆவியாக்குதற்கு 540 கலோரி உஷ்ணம் செலவாகும் என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். சோற்றை வேகவைக்க வேண்டிய உஷ்ணம் விறகை உலர்த்துவதிலேயே கழிந்துபோனால், ஆவிகள் தீப்பற்றும் அளவுக்கு அடுப்புச் சூடேறுவது எங்ஙனம்?

நம் முன்னோர் அடுப்பில் அறிவு இல்லாமற் போகவில்லை. ஒரே தீயில் இரு பாத்திரங்கள் வேகுமாறு கொடியடுப்பு அமைத்தனர்; அடுப்புக்கு மேல் பரண் கட்டி விறகை உலர்த்தினர். ஆயினும் மூன்று கற்களின் நடுவே எரியும் தீயில், விறகிலுள்ள உஷ்ணத்தில் பெரும்பாலும் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கே பாத்திரத்தைச் சேர்கின்றது. எஞ்சியது காற்றோடு போகின்றது. புகையோ வெளியே செல்ல வழியின்றிக் கூரையின்கீழ்த் தங்குகின்றது.

இக்குறையை நீக்க முயன்றோருள் ஹைதராபாத்திலிருந்த பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பார் குறிப்பிடத்தக்கவர். கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற அடுக்களை என்னும் பொருள்படும் அவருடைய ஆங்கில நூல் 1953-இல் சென்னையில் வெளிவந்தது. மண்ணாலேயே அடுப்பை அமைத்து, அதன் பின்புறத்தில் புகைபோக்கி வைத்து, புகையை வீட்டுக்கு வெளியே செலுத்துவதே அவ்வடுப்பின் முறை. பின்னர் வந்த பலவகை அடுப்புகளுக்கும் இதுவே அடிப்படை.

புகைபோக்கி எவ்வாறு தொழில் செய்கின்றது? சூடான காற்று இலேசானது. வெளியிலுள்ள குளிர்ந்த காற்று கனமானது. குழாயினுள் சூடான காற்று மேலெழ, அதன் இடத்தை நிரப்பப் புதிய காற்று அடுப்பு வாயில் வழியே உட்புகும். இவ்விழுப்பே தீக்கு உயிர். குழாய் உயர உயர இழுப்பு மிகும்; வளைவுகள் பெருகப் பெருக இழுப்புக் குறையும். ஊதுகுழல் செய்யும் வேலையைப் புகைபோக்கி ஓயாது செய்கின்றது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

நிற்க, அடுப்பை அமைக்கும் முறையைக் கூறுவாம். அடுக்களையில் எதிர்க்காற்று நேரே அடிக்காததும், சன்னல் ஒன்று அருகில் உள்ளதுமான சுவரோரம் தக்க இடம். செங்கல்லையும் களிமண்ணையும் கொண்டு அடுப்பைக் கட்டலாம். புற்றுமண்ணோடு உமியும் சாணமும் சேர்த்துப் பிசைந்தால் வெடிப்புக் குறையும். விறகு தரையிற் கிடந்து எரியாமல், கீழிருந்தும் காற்றுப் புகும்படி இரும்புக் கம்பிச் சல்லடையின்மேல் எரிவது நலம். பாத்திரம் வைக்கும் வாய், பாத்திரத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துதல் வேண்டும். பயன்படாத வாயை மூடியிட்டு மூடுக. இடைவெளி உண்டாயின் புகை குழாயை நாடாது அவ்வழியே வீட்டுக்குள் வரும். கட்டிய அடுப்பைப் பல நாள் நன்கு உலரவிட்டு, முதலில் சிறு தீயால் பழக்கிய பின்னரே பெருந்தீ மூட்டல் வேண்டும்.

புகைபோக்கிக்கு 3 அல்லது 4 அங்குல விட்டமுள்ள சுட்ட மண்குழாயோ இரும்புக் குழாயோ சிறு வீட்டுக்குப் போதும். கல்நார்ச் சிமெண்டுக் குழாய்களை முன்னர்ப் பெரிதும் பயன்படுத்தினர். கல்நாரின் நுண்துகள் நுரையீரலிற் புகுந்து புற்றுநோய் விளைப்பதாதலின் அதனை விலக்குக. குழாய் கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து 3 அடியேனும் உயர்ந்திருத்தல் வேண்டும். 10 அடிக்குள் உள்ள கூரை முகட்டினும் 2 அடி உயர்ந்திருத்தலும் வேண்டும். இன்றேல் முகட்டைத் தாண்டி வீசும் காற்று புகையை மீண்டும் உள்ளே தள்ளும். மழை புகாதபடி உச்சியில் குல்லாய் ஒன்றும், கரியை வாருதற்கு அடியில் மூடியுள்ள துளை ஒன்றும் அமைக்க. ஒற்றைத் தகட்டு இரும்புக் குழாய்க்கும் மரச்சட்டத்துக்கும் இடையே 18 அங்குலம் வெளி விடுதல் மேனாட்டார் கையாளும் விதி. ஓலைக் கூரையை ஊடுருவிக் குழாய் செல்லவே கூடாது. அத்தகைய வீடுகளில் ஓடு வேய்ந்த தனிச் சாய்ப்பு ஒன்று இறக்கி, அங்கே அடுப்பு அமைப்பதே பாதுகாப்பு.

இனி, எரிக்கும் முறை. விறகைப் பிளந்து, மழை படாத இடத்தில் காற்றோட்டமாக அடுக்கி, ஆறு மாதமேனும் உலரவிடல் வேண்டும். முனைகளில் வெடிப்புக் கண்டு, இரு துண்டுகளை மோதினால் கணீரென ஒலிப்பின் விறகு காய்ந்தது என அறிக. முதலில் குழாயின் அடித்துளையில் ஒரு தாளையோ பன்னாடையையோ கொளுத்திக் குழாயைச் சூடாக்கினால் இழுப்பு உடனே பிறக்கும். பின்னர்ச் சுள்ளிகளால் தீ மூட்டி, மெல்லிய விறகுகளைச் சிறிது சிறிதாகத் தள்ளுக. அடுப்பு வாயை விறகால் அடைத்துவிடலாகாது. காற்றுப் புகும் வழி அதுவே. தீ செவ்வையாக எரிகின்றதா என்பதை அறியப் புகைபோக்கியின் உச்சியைப் பார்த்தாற் போதும். புகை கண்ணுக்குத் தெரியாதபடி மெலிந்திருப்பின் நன்று. கறுத்துத் திரண்டு எழுமாயின், விறகு ஈரம் அல்லது காற்றுப் போதவில்லை என்பது பொருள்.

புகையினும் கொடியது ஒன்று உண்டு. அது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு பிராணவாயு சேர்வதைவிட 200 மடங்குக்கு மேல் வன்மையாக அது சேருமாதலின், நாம் மூச்சு விட்டும் மூச்சின் பயன் பெறோம். தலைவலி, மயக்கம், வாந்தி ஆகியன அதன் அறிகுறிகள். புகையே இல்லாத செந்தணலிலும் அது பிறக்கும் என்பதைப் பலர் அறியார். குளிர்காலத்தில் குமுட்டியடுப்பை அறைக்குள் வைத்து, கதவும் சன்னலும் அடைத்து உறங்குவோர் மீளாத் துயில் கொள்வது இதனாலேயே. உறங்கும் அறைக்குள் தணலைக் கொண்டு செல்லற்க. தணல் உள்ளவரை புகைபோக்கியை மூடற்க.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. அணையும் தீயில் மண்ணெண்ணெய் ஊற்றலாகாது. அரளிக் கட்டை, வர்ணம் பூசிய மரம், பிளாஸ்டிக் ஆகியவற்றை எரித்தலாகாது. அவற்றின் புகை நஞ்சு. சாம்பலுக்குள் கங்கு நெடுநேரம் உயிரோடிருக்குமாதலின், அதனை மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் இட்டு வீட்டுக்கு வெளியே வைக்க. தீப்புண் பட்டால் 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் குளிரவைத்துப் பின் வைத்தியரை நாடுக. மையோ மாவோ பூசற்க.

இவையெல்லாம் செய்தும் அடுப்பு பயனற்றுப் போவது உண்டு. இந்திய அரசாங்கம் 1983-இல் தொடங்கி 2002 வரை நடத்திய தேசியத் திட்டத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்ட சீர்திருந்திய அடுப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. ஒடிசாவில் ஏறக்குறைய 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டு வரை கவனித்து, ஹன்னா, டஃப்லோ, கிரீன்ஸ்டோன் என்னும் பொருளாதார அறிஞர் மூவர் 2016-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். சமைப்போர் உட்கொள்ளும் புகை முதல் ஆண்டில் குறைந்ததென்றும், பிற்பாடு அப்பயன் அற்றுப்போயிற்றென்றும் அவர் கண்டனர். மக்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை. பழுது பார்க்கவும் இல்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? அடுப்பை அமைப்பது ஒருநாள் வேலை. அதன் காற்றுவழியைக் காப்பது என்றும் உள்ள வேலை. குழாயில் கரியும் கீல் போன்ற பிசுக்கும் படியப் படிய இழுப்புக் குன்றும். புகை உள்ளே திரும்பும். படிந்த பிசுக்கே ஒருநாள் தீப்பற்றிக் கூரைக்கு எமனாகவும் கூடும். மாதம் ஒருமுறை நீண்ட கழியில் தேங்காய் நார் கட்டிக் குழாயைத் துடைப்பதும், வெடித்த இடத்தை மண்ணால் மெழுகுவதும் அரைமணி நேரத்து வேலை. ஆனால் கூரைமேல் ஏறிக் குழாய் துடைக்க அடுப்பின் முன் இருப்பவளுக்கு நேரமும் இல்லை, வசதியும் இல்லை. அவள் சமைத்ததை உண்பார் பலர். குழாயைத் துடைப்பார் ஒருவரும் இல்லை. சீர்திருந்திய அடுப்புக்குக் குறை இதுவே.

மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் வீடு சென்றதும் அடுக்களையின் உத்தரத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கே படிந்துள்ள கருமையில் ஒரு பங்கு உங்கள் அன்னையின் நுரையீரலிலும் படிந்திருக்கும். புகைபோக்கி இல்லையேல் அமைக்க முயலுங்கள். இருப்பின், கழியும் நாரும் எடுத்துக்கொண்டு நீங்களே ஏறுங்கள். பௌதிகமும் இரசாயனமும் நாம் கற்றதன் பயன்களுள் இதுவும் ஒன்றாகுக.