சுண்டும் விரலின் கணக்கு

பந்தல்குடி மாதிரியான கரிசல் ஊர்களில் வெயில் தாழ்ந்ததும் கேரம் போர்டில் பவுடர் தூவி உட்கார்ந்துவிடுவார்கள். சிவப்பைப் போட்டு, அடுத்த சுண்டிலேயே ஃபாலோவும் போடும் விரலை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

காயின் குறுக்களவு சுமார் 3.1 செ.மீ.; குழி 4.45 செ.மீ. பக்கத்துக்கு அரை செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம். 35 செ.மீ. தள்ளி இருக்கும் காயை நோக்கிப் போகும் ஸ்ட்ரைக்கர் ஒரு டிகிரி தப்பினால், அடிபட்ட காய் ஏறத்தாழ ஒன்பது டிகிரி தப்பும். வட்டத்தோடு வட்டம் மோதும்போது பிழை அப்படிப் பெருகும். குழி இன்னும் ஓர் அடி தள்ளி என்றால், விரலுக்குக் கிடைக்கும் சலுகை ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்குதான்!

தேர்ந்த ஆட்டக்காரரின் கையைக் கிட்டத்தில் பாருங்கள். மற்ற விரல்கள் போர்டில் ஊன்றியிருக்கும். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அடங்கி, சுண்டும் விரல் மட்டும் அசையும். ஆடும் மூட்டு குறையக் குறையப் பிழைக்கான வழியும் குறைகிறது. 'மெதுவாச் சுண்டு தம்பி' என்று பெரியவர்கள் சொல்வதிலும் அறிவியல் உண்டு. தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையில் எப்போதும் கொஞ்சம் தடுமாற்றம் கலந்திருக்கும். விசை கூடினால் அதுவும் கூடும்.

அப்படியானால் பயிற்சி என்பது ஒரே அசைவை அச்சுப்போல் திரும்பச் செய்வதா? 1920-களில் மாஸ்கோவில் நிகலாய் பெர்ன்ஸ்டைன், சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களின் அசைவைப் படமெடுத்து ஆராய்ந்தார். மூட்டுகள் ஒவ்வோர் அடியிலும் வேறு வேறு விதமாக வளைந்தன; சுத்தியலின் தலையோ அந்த அளவுக்கு விலகவில்லை. ஒரு மூட்டின் பிழையை இன்னொன்று சரிக்கட்டியிருந்தது. 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்ற சென்னை மரிய இருதயத்தின் விரலுக்குள்ளும் இந்தச் சரிக்கட்டல்தான் ஊறியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆகவே ஒரே இடத்தில் ஸ்ட்ரைக்கரை வைத்து ஒரே காயை அடித்துக்கொண்டிருப்பது போதாது. கோட்டில் இடம் மாற்றி, வெட்டும் நேரடியும் கலந்து அடிக்க வேண்டும். ஷே, மார்கன் என்ற இருவர் 1979-இல் வேறொரு கைவேலையில் இதைச் சோதித்தார்கள். கலந்து பழகியவர்கள் பழகும்போது பின்தங்கினார்கள். 10 நாள் கழித்துச் செய்யச் சொன்னபோது அவர்களே முந்தினார்கள்.