பாசி ஒன்றா, பலவா?

மாரி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் கிணற்றுக்கட்டு பச்சை பிடித்துவிடும். "பாசி வழுக்கும், பார்த்துக் கால் வை" என்று பெரியோர் எச்சரிப்பதைக் கேளாத பிள்ளை யாழ்ப்பாணத்தில் இல்லை. சென்ற மாரியில் மாணவன் ஒருவன் இரண்டு போத்தல்களுடன் என்னிடம் வந்தான். ஒன்றிலே கிணற்றுக்கட்டிற் சுரண்டியெடுத்த மெத்தென்ற பச்சை. மற்றதிலே கேணி நீரில் மிதந்த நூல் போன்ற பச்சை. "இரண்டும் ஒரே பாசிதானோ, ஐயா?" என்று கேட்டான். தமிழாசிரியனாகிய நான் சற்றும் ஆராயாமல், "ஆம், ஒன்றே" என்று கூறி அனுப்பிவிட்டேன். பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் அவ்விடை பாதி மெய், பாதி பிழை என்பது விளங்கிற்று.

சொல்லளவில் அது மெய். பாசி என்னுஞ் சொல் பசுமையின் உறவினது. பசுமை என்பதனோடு இலை சேரும்போது முதலெழுத்து நீண்டு 'பாசிலை' என வருவதை மாணவர் அறிவர். பச்சைநிறப் பயறு பாசிப்பயறாயிற்று. கழுத்திலணியும் சிறுமணி பாசிமணியாயிற்று. இன்று செம்மணியையும் பாசி என்றே சொல்கிறோம். கிழக்கிலங்கையின் பாசிக்குடாவும் இச்சொல்லைத் தாங்கி நிற்கின்றது. குறுந்தொகை 399ஆம் பாட்டிலே பரணர், கை பட்டால் ஒதுங்கிக் கையெடுத்தால் மீண்டும் மூடிக்கொள்ளும் கேணிப் பாசியைத் தலைவியின் பசலைக்கு உவமையாக்கினார். பசலையும் பாசியும் ஒருவேர்ச் சொற்கள் என்பதை நினைக்கும்போது உவமையின் நயம் இரட்டிக்கின்றது.

பொருளளவிலோ என் விடை பிழை. கேணியில் மிதப்பது விஞ்ஞானிகள் அல்கா என்று கூறும் இனம். அதற்கு வேருமில்லை, தண்டுமில்லை, இலையுமில்லை. கிணற்றுக்கட்டில் மெத்தை விரிப்பது வேறொரு தாவரம். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் அதிலே சிறு தண்டும் நுண்ணிய இலைகளும் தெரியும். உண்மையான வேர் இல்லை. பற்றிக்கொள்ள மெல்லிய இழைகளே உண்டு. பூவும் விதையும் இன்றி வித்திகளாற் பெருகும். உடல் முழுவதாலும் நீரை உறிஞ்சும். கோடையிற் சுருண்டு கிடந்து, மழை கண்டதும் உயிர்த்தெழும். உலகில் ஏறக்குறைய 12,000 வகைகள் இவ்வினத்தில் உள்ளன. மூன்றாவதொன்றும் உண்டு. கல்லிலும் மரப்பட்டையிலும் சாம்பல் நிறமாய்ப் படரும் இலைக்கன், பூஞ்சணமும் அல்காவும் கூடிவாழும் குடும்பம். கறிச்சரக்காகிய கல்பாசி இதுவே.

இம்மயக்கம் தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. புத்தளம், திருகோணமலைப் பகுதிகளிற் கிடைக்கும் கடற்பாசியை முற்காலத்து ஐரோப்பியர் 'சிலோன் மொஸ்' என்று அழைத்தனர். உண்மையில் அது மொஸ் அன்று. கடலில் வளரும் செவ்வல்கா. அத்தகைய அல்காக்களிலிருந்து எடுக்கப்படும் ஏகார், நோன்பு மாதத்தில் முஸ்லிம் இல்லங்களில் இனிப்பாகின்றது; ஆய்வுகூடத்தில் நோய்க்கிருமிகளை வளர்க்கும் தளமாகின்றது.

நிலத்துப் பாசியும் பயனற்றதன்று. தன் உலர்நிறையைப் போலப் பன்மடங்கு நீரை ஏந்தவல்ல 'ஸ்பக்னம்' என்ற வகையை, 1914-1918 உலகப் போரின்போது பஞ்சுக்குப் பதிலாகக் காயங்களுக்கு வைத்துக் கட்டினர். நம் நாட்டின் ஓட்டன் சமவெளியில் மரங்களைப் போர்த்திருக்கும் பாசி, தவழும் மூடுபனியின் ஈரத்தைப் பிடித்து வைத்துக் காட்டைக் குளிர்விக்கின்றது.

மறுநாள் வகுப்பிலே எல்லார் முன்னிலையிலும், "நேற்று நான் கூறியது பிழை" என்று அம்மாணவனிடம் ஒப்புக்கொண்டேன். அவன் முகம் மலர்ந்தது. இப்போது அவன் மூன்றாவது போத்தலுக்கு இலைக்கன் தேடித் திரிகிறான். முன்னோர் ஒரு சொல்லாற் பலவற்றைச் சுட்டியது குறையன்று. பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே என்று ஆராயாது கொள்வதே குறை. வழுக்குவது கிணற்றுக்கட்டில் மட்டுமன்று. அவசரமாகக் கூறும் விடையிலுந்தான்.