பணம் இருந்தால் போதுமா?
டி.ஜே.க்கு ஏற்ற கருவிகள் எவை?

அவர் பாடுவதில்லை. வாத்தியம் வாசிப்பதும் இல்லை. ஆனாலும் ஆயிரம் பேரை விடிய விடிய ஆட வைக்கிறார்! யார் அவர்?

அவர்தான் "டி.ஜே.". பிறர் பாடிய பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி தெரியாமல் இணைத்துக் கொடுப்பது அவர் வேலை.

"பணத்தைப் பற்றிக் கவலை இல்லை. இருப்பதிலேயே நல்லதாக வாங்க வேண்டும்" என்று ஒருவர் புறப்பட்டால், என்னென்ன வாங்கலாம்? பார்ப்போம்.

இரட்டைத் தட்டு

முதலில் ரிக்கார்டு பிளேயர். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்றில் பாட்டு ஓடிக்கொண்டு இருக்கும்போதே, மற்றொன்றில் அடுத்த பாட்டைத் தயார் செய்ய வேண்டும் அல்லவா?

பழைய பிளேயர்கள் பலவற்றில் மோட்டார் ஒரு பக்கம் இருக்கும். ஒரு ரப்பர் பட்டை, தட்டைச் சுழற்றும். தட்டைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டால், மறுபடி வேகம் எடுக்கச் சற்று நேரம் ஆகும்.

இந்தக் குறையைப் போக்கியவர்கள் ஜப்பானியர்கள். பட்டையை எடுத்துவிட்டு, மோட்டாரைத் தட்டுக்கு நேர் அடியிலேயே வைத்தார்கள். இந்த முறையில் 1972-ம் ஆண்டு வந்ததுதான் "டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200". 1979-ல் அதன் இரண்டாவது மாடல் வந்தது. பொத்தானைத் தட்டினால் 0.7 வினாடியில் முழு வேகம்! பக்கத்தில் உள்ள குமிழைத் தள்ளினால், வேகம் 8 சதவீதம் வரை கூடும்; குறையும். இரண்டு பாட்டுகளின் தாளத்தையும் ஒன்றாக்க இது உதவும்.

2010-ல் இந்த வரிசையின் உற்பத்தியை நிறுத்தினார்கள். ரசிகர்கள் விடவில்லை. 2016-ல் மீண்டும் செய்யத் தொடங்கினார்கள்.

ரிக்கார்டு வேண்டாம் என்பவர்களுக்கு "சி.டி.ஜே." என்ற கருவி உண்டு. சிறிய பென் டிரைவைச் செருகினால் போதும். ஆயிரக்கணக்கான பாட்டுகள் கைக்கு அடக்கம்!

இரண்டு பிளேயர்களுக்கும் நடுவில் "மிக்சர்". ஒரு பாட்டைக் குறைத்து, மற்றதை ஏற்றுவது இதுதான். சபையில் ஒரு பாட்டு ஒலிக்கும், டி.ஜே.யின் ஹெட்போனில் அடுத்த பாட்டு கேட்கும்.

கழற்றி எறிந்தார்

நியூயார்க்கில் டேவிட் மன்குசோ என்பவர் இருந்தார். 1970-ல் தம் வீட்டிலேயே நடன விருந்துகள் நடத்தத் தொடங்கினார். நல்ல ஒலிக்காகப் பணத்தை அள்ளி இறைத்தார். "கிளிப்ஷ்ஹார்ன்" என்ற பெரிய ஒலிபெருக்கிகளை வைத்தார். இவற்றை அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும். மூலைச் சுவர்களே ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும்!

கடைசியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? மிக்சரையே கழற்றிவிட்டார்! ஒலி கடந்து வரும் கருவி ஒவ்வொன்றும் அதன் தூய்மையைக் கொஞ்சம் கெடுக்கும் என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு பாட்டையும் முதலில் இருந்து கடைசி வரை முழுமையாக வைத்தார்.

பழைய சாமானில் பிறந்த கலை

அதே ஊரில் இன்னொருவர். பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த ஏழைப் பையன். பிற்காலத்தில் "கிராண்ட்மாஸ்டர் பிளாஷ்" என்று புகழ் பெற்றவர். அவரிடம் பணம் இல்லை. தூக்கி எறிந்த மின்சாதனங்களைப் பொறுக்கி எடுத்தார். பள்ளியில் படித்த மின்னணுப் பாடம் கைகொடுத்தது. அடுத்த பாட்டைத் தாம் மட்டும் ஹெட்போனில் கேட்பதற்கான சுவிட்சைத் தாமே செய்துகொண்டார்!

பணக்காரக் கருவியும், பழைய சாமானும் ஒன்றா? ஒன்றல்ல. ஆனால் இருவரையும் உயர்த்தியது ஒன்றுதான். அது, காது!

வாங்க முடியாதது

உள்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. பெரும் சத்தத்தில் அவை அழிந்தால், மறுபடி முளைப்பதில்லை. கேளிக்கை அரங்குகளில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கூறியது. தினமும் ஒலிபெருக்கி அருகில் நிற்கும் டி.ஜே.க்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆட வருபவர்களுக்கும்தான்!

ஆகவே, பணப்பையை அவிழ்ப்பவர் முதலில் வாங்க வேண்டியது, தம் காதுக்கு அளவு எடுத்துச் செய்த காதடைப்பான். அடுத்து நல்ல ஒலிபெருக்கி. மற்றவை எல்லாம் பிறகு.

பிளேயர் கெட்டால் வேறு வாங்கலாம். காது கெட்டால்? கோடி கொடுத்தாலும் எந்தக் கடையிலும் கிடைக்காது!