பல்மேல் போட்ட பழி

எட்டு மாதக் குழந்தை. இரவு இரண்டு முறை வாந்தி எடுத்தது. விடிவதற்குள் ஏழெட்டு முறை தண்ணீராகப் போய்விட்டது. பாட்டி ஈற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: “பல்லு முளைக்குது, அதான் வயித்தால போகுது.” எதிர்வீட்டு அக்கா, “குடலேத்தமா இருக்கும், தட்டி எடுத்தா சரியாப் போயிடும்” என்கிறார். இந்த இரண்டு பேச்சையும் கேட்காமல் வளர்ந்த குழந்தை நம் ஊரில் குறைவு.

பாட்டியின் பேச்சிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் பல் எட்டிப் பார்ப்பது ஆறாம் மாதத்தை ஒட்டி. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் குழந்தைகளைக் கடுமையாகப் படுத்துவது ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை. இரண்டும் ஒரே பருவத்தில் வருவதால் பழி பல்மேல் விழுந்தது. பல் கண்ணுக்குத் தெரிகிறது. வைரஸின் அளவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கு.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போனால், அவர் முதலில் பார்ப்பது மலத்தை அல்ல. வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விடுகிறார். சட்டென்று பழைய நிலைக்கு வந்தால் நல்லது. மடிப்பு மெல்ல மெல்ல இறங்கினால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. கண் குழி விழுந்திருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கேட்கிறார். பிறகு ஓஆர்எஸ் பொட்டலமும் 14 நாளுக்குத் துத்தநாக மருந்தும் எழுதித் தருகிறார். “டெஸ்ட் எதுவும் எடுக்க வேண்டாமா, சார்?” என்று கேட்டால், “வேண்டாம்மா” என்கிறார். ஆன்டிபயாட்டிக்கும் எழுதுவதில்லை. அது பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸிடம் அதற்கு வேலை இல்லை.

அவர் செய்தது சரிதான். சிறுகுடலின் உட்சுவரில் டர்க்கித் துண்டின் இழைகளைப் போலக் குடல் உறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. ரோட்டா வைரஸ் அவற்றின் நுனியில் இருக்கும் முதிர்ந்த செல்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை அழிக்கிறது. உறிஞ்ச வேண்டிய நீர் உறிஞ்சப்படாமல் கீழே போகிறது. போதாக்குறைக்கு, வைரஸ் உண்டாக்கும் என்எஸ்பி4 என்ற புரதம் நஞ்சுபோல் வேலை செய்து, உடலில் இருக்கும் நீரையும் குடலுக்குள் இறைத்துவிடுகிறது. அழிந்த செல்களுக்குப் பதில் புதியவை சில நாட்களில் தாமாக முளைத்துவிடும். அதுவரை குழந்தை வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. எந்த வைரஸ் என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கொடுக்கப்போவது அதே ஓஆர்எஸ்தான்.

அந்தப் பொட்டலத்தின் சூட்சுமம் எளியது. குடல் செல்லின் சுவரில் உள்ள ஒரு வாசலில் குளுக்கோஸ் தனியாக நுழையாது. சோடியத்தையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டுதான் போகும். அவை போன வழியில் தண்ணீரும் போகும். வைரஸ் தாக்கிய பிறகும் இந்த வாசல் முழுதாக அடைபடுவதில்லை. ஆனால் அளவு முக்கியம். 20.5 கிராம் பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். கண்மதிப்பில் கொஞ்சத்தை டம்ளரில் போட்டுக் கலக்கினால் கரைசல் கெட்டியாகி, உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்து நிலைமையை மோசமாக்கும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு ஸ்பூனாகப் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை துவண்டு எதையும் குடிக்காமல் கிடந்தாலோ மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அப்படியானால் வைரஸைக் கண்டறியும் பரிசோதனைகள் எதற்கு? அவை பெரும்பாலும் அந்த ஒரு குழந்தைக்காக அல்ல, ஊருக்காக.

1973 வரை, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்த பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் என்னவென்றே தெரியாது. அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய சகாக்களும் நோயுற்ற ஒன்பது குழந்தைகளின் முன்சிறுகுடலிலிருந்து எடுத்த சிறு திசுத் துணுக்குகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஆறு பேருடைய செல்களுக்குள் உருண்டை உருண்டையாக வைரஸ்கள். நடுவில் குடம், சுற்றிலும் ஆரக்கால், வெளியே வட்டை என்று அச்சு அசல் வண்டிச் சக்கரம். லத்தீனில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம்; பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நுண்ணோக்கி எல்லா ஊரிலும் கிடைக்காது. அதனால் வேறு வழிகள் வந்தன. ரோட்டா வைரஸின் மரபுப் பொருள் 11 துண்டு ஆர்என்ஏ. மலத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து, ஜெல் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டு, வெள்ளி உப்பால் சாயம் ஏற்றினால் துண்டுகள் பட்டைகளாகத் தெரியும். மேலே நான்கு, பிறகு இரண்டு, பிறகு மூன்று, கடைசியில் இரண்டு. கைரேகை போல இந்த வரிசையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். அடுத்து, வைரஸின் புரதத்தை எதிர்ப்பொருளால் பிடித்து நிறமாற்றத்தால் காட்டும் எலைசா. கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் போலச் சில நிமிடங்களில் கோடு காட்டும் அட்டைகளும் உண்டு. ஆர்டி-பிசிஆர் இவை எல்லாவற்றையும் விடக் கூர்மையானது. கூர்மையே சில சமயம் குழப்பமும் ஆகிறது: நோய் தீர்ந்து வாரக்கணக்கான பிறகும், நோயே இல்லாத குழந்தையிடமும் அது வைரஸைக் காட்டிவிடும்.

இந்தக் கருவிகளை வைத்து எண்ணத் தொடங்கியபோதுதான் பாரம் தெரிந்தது. இந்திய மருத்துவமனைகளில் வயிற்றுப்போக்கால் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 40 பேர் வரை ரோட்டா வைரஸால் பாதிக்கப்பட்டவர்கள். தடுப்பூசித் திட்டத்துக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகளை அது கொன்றதாக மதிப்பிட்டார்கள்.

தடுப்பு மருந்தின் விதையும் ஒரு பரிசோதனையிலிருந்தே வந்தது. 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில், பிறந்த குழந்தைகள் சிலருக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தும் நோய் எதுவும் இல்லை என்பதை எம்.கே. பான் குழுவினர் கவனித்தார்கள். வளர வளர அந்தக் குழந்தைகளுக்கு ரோட்டா வயிற்றுப்போக்கு குறைவாகவே வந்தது. 116ஈ என்ற அந்த வைரஸ் மனிதரைத் தொற்றும் ரோட்டா வகையைச் சேர்ந்தது. ஒரே ஒரு மரபணு மட்டும் மாட்டு வைரஸிலிருந்து இயற்கையாக வந்து சேர்ந்தது. அதுவே ‘ரோட்டாவாக்’ சொட்டு மருந்தானது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், கடுமையான ரோட்டா நோயை அது ஏறத்தாழ 54 சதவீதம் தடுத்தது.

பாதிதானா என்று தோன்றும். அதற்கான விடையில் ஒரு பகுதி வேலூரில் இருக்கிறது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழுவினர், நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை வீடு தேடிப் போய்ப் பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதம் முடிவதற்குள்ளேயே நூற்றுக்கு 56 பேருக்குத் தொற்றிவிட்டது. மூன்று முறை இயற்கையாகத் தொற்றிய பிறகும் மிதமான, கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதமே. இயற்கையே முழுக் காவல் தராத இடத்தில் மருந்து பாதியைத் தடுப்பதும் சிறிய காரியமல்ல. கையைக் கழுவி, தண்ணீரைக் காய்ச்சினால் போதாதா? பாக்டீரியாவுக்கு அது பெரிய தடை. ரோட்டாவோ, சுகாதாரத்தில் உச்சியில் இருக்கும் நாடுகளிலும் ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் தொட்டுவிடும்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் இன்னொரு வைரஸான நோரோவின் கதை வேறு. 1968-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் ஊரில், ஒரு பள்ளியில் கூட்டமாக வந்த வாந்தியிலிருந்து பிற்பாடு கண்டறியப்பட்டது அது. பெரியவர்களையும் விடாது. விருந்து சாப்பிட்டு ஒன்றிரண்டு நாளில் பந்தியே வாந்தி எடுத்தால், ‘ஃபுட் பாய்சன்’ என்று நாம் முடித்துவிடுவதில் இதற்கும் பங்கு உண்டு. பரவலான பயன்பாட்டுக்கு இதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. சானிடைசருக்கும் இது எளிதில் மசியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். வாந்தி விழுந்த தரையைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். சமைப்பவருக்கு வயிறு கெட்டால், நின்று இரண்டு நாள் ஆகும்வரை அடுப்பங்கரைப் பக்கம் வரக் கூடாது.

ரோட்டாவுக்கோ தடுப்பு மருந்து இருக்கிறது. 2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய சொட்டு மருந்து, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்று நாடு முழுவதும் அரசு இலவசமாகத் தருகிறது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் வாயில் விட வேண்டும். அதாவது மூன்றரை மாதத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு பல் முளைக்கட்டும்.