வேப்பங்கொட்டைக் கரைசல் ஏன் பலிக்கவில்லை?



நம் அறக்கட்டளையில் அழகிய கடன் பெற்று, புவனகிரி பக்கம் கால் காணியில் தக்காளி போட்ட சகோதரி ஒருவர் சென்ற மாதம் அலுவலகத்துக்கு வந்தார். "நீங்க சொன்னபடி வேப்பங்கொட்டைதான் அடிச்சேன், அண்ணே. பாதிக் காய் ஓட்டையாப் போச்சு" என்றார். தவணை கட்ட வழியில்லை என்று சொல்ல வந்தவர் அவர். தவணையைத் தள்ளி வைத்துவிட்டோம். ஆனால் தவறு அவருடையதல்ல. கரைசலை எப்படிச் செய்வது என்று சொன்ன நாங்கள், எப்போது அடிப்பது என்று சொல்லவில்லை.

காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, இளம் இலைகளிலும் பூக்களிலும் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுப்புழு சில நாள் இலையைச் சுரண்டித் தின்றுவிட்டு, பிறகு காய்க்குள் தலையை நுழைத்துக்கொள்ளும். அதன்பின் எதை அடித்தாலும் அதற்கு எட்டாது. வேம்பு தொட்டவுடன் கொல்லும் நஞ்சு அல்ல. புழுவின் பசியைக் கெடுக்கும், தோலுரித்து வளரவிடாமல் தடுக்கும். ஆகவே பூ வைக்கும் நாளிலிருந்தே இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓட்டை கண்ட பிறகு அடித்தால் கைவலிதான் மிச்சம். ஓட்டை விழுந்த காய்களைப் பறித்து, வரப்பில் வீசாமல் புழுவோடு அழித்துவிடுங்கள்.

10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பம்பருப்பு. இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுதும் ஊறவைத்து, பால் போல வரும்வரை பிழிந்து வடிகட்டி, 100 மில்லி காதி சோப்புக் கரைசல் சேர்க்கவும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். அஸருக்குப் பிறகு அடிப்பதே நல்லது. அன்று கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். ஆனி, ஆடியில் நம் மையவாடி வேப்பமரங்களுக்கு அடியில் கொட்டிக்கிடப்பதைக் குப்பையாகப் பெருக்கித் தள்ளுகிறோம். அதைப் பொறுக்கி நிழலில் உலர்த்தினால் காசு செலவில்லை. ஓராண்டு பழைய கொட்டையில் பலன் குறைவு.

துலுக்கச் சாமந்தி நடுவதும் இதே கணக்கில்தான். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை. தக்காளி நாற்று 25 நாள் வயது என்றால் சாமந்தி நாற்று 40 நாள் வயதாக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே சமயத்தில் பூத்து, அந்துப்பூச்சி சாமந்தி மொட்டுக்குப் போகும். சேர்ந்த புழுக்களை அங்கேயே பொறுக்கலாம். மிஞ்சிய பூ சிதம்பரத்தில் விலைபோகும்.

இலைச்சுருட்டை நோய் வேறு விஷயம். வெள்ளை ஈ பரப்பும் இந்த வைரஸுக்கு வேம்பும் மருந்தல்ல, கடை மருந்தும் மருந்தல்ல. நாற்றங்காலை நைலான் வலையால் மூடுங்கள். வயலில் மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். சுருண்ட செடியை மனம் கோணாமல் பிடுங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்று அழுகாமலிருக்க, மேட்டுப்பாத்தியும், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியும் போதும். இனக்கவர்ச்சிப் பொறி எங்கே கிடைக்கும் என்று விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

அந்தச் சகோதரி மறுபடி நாற்று விட்டிருக்கிறார். பூ வைக்கும் வாரத்தில் நாங்களும் வயலுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.