கட்டமுதும் அஞ்சற்பொதியும்

வழிநடைச் செல்வோர்க்கு உணவு கட்டிக் கொடுத்தல் தமிழரின் பழைய வழக்கங்களுள் ஒன்று. அவ்வுணவுக்கு நம் மொழியில் பல பெயர்கள் உண்டு. இலையில் பொதிந்து கொடுக்கப்பட்டது பொதிசோறு எனப்பட்டது. துணியில் கட்டிக் கொடுக்கப்பட்டது கட்டுச்சோறு எனவும் கட்டமுது எனவும் பெயர் பெற்றது. 'ஆற்றுணா' என்னும் சொல்லும் பழைய நூல்களில் வழங்குகின்றது. ஆறு என்பது ஈண்டு வழியைக் குறிக்கும். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியாலும் நீர்வேட்கையாலும் தளர்ந்த திருநாவுக்கரசருக்கு இறைவனே அந்தணர் வடிவில் வந்து பொதிசோறு அளித்தான் எனப் பெரியபுராணம் கூறும். வழிச்செல்வோனின் பசி தீர்த்தலை நம் முன்னோர் எத்துணை உயர்வாகப் போற்றினர் என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

முற்காலத்தில் உணவு மனிதனோடு உடன் சென்றது. இக்காலத்திலோ மனிதன் முன்னே சென்றுவிட, உணவு அவனைத் தேடிப் பின்னே செல்கின்றது. விடுதியில் தங்கிப் பயிலும் மாணவன், எல்லையைக் காக்கும் போர்வீரன், தொலைவிலுள்ள நகரில் தொழில் புரியும் தமக்கை ஆகியோருக்கு வீட்டில் செய்த பண்டங்களை அஞ்சலில் அனுப்புகின்றோம். பொதிசோறு அன்றே உண்ணப்படுவது. அஞ்சற்பொதியோ பல நாள் வெயிலையும் மழையையும் தாங்கிச் செல்வது. மூட்டைகளின் கீழே கிடந்து நசுங்குவது. இத்துணை இடர்களையும் கடந்து கெடாது சென்று சேரும் உணவு யாது? அதனை ஆக்கும் முறை எது? அனுப்பும் நெறி எது? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

உணவைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது ஈரம். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் நீரின்றிப் பெருகா. காலையில் வடித்த சோறு மறுநாள் புளித்துப் போவதும், பல திங்களுக்கு முன் வறுத்த பொரிமாவு கெடாதிருப்பதும் இதனாலேயே ஆகும். இனிப்புப்பாகிலும் சிறிது நீர் உண்டே, அது கெடாதிருப்பது எங்ஙனம் என நீங்கள் வினவலாம். பாகு இறுகக் காய்ச்சப்படும்போது அதிலுள்ள நீரின் பெரும்பகுதி ஆவியாகிவிடும். எஞ்சிய நீரைச் சருக்கரை தன்னோடு பிணைத்துக்கொள்ளும். அவ்வாறு பிணைக்கப்பட்ட நீர் நுண்ணுயிர்களுக்குப் பயன்படாது. வறுத்தலும் பாகு காய்ச்சுதலும் சுவைக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. உணவைக் காக்கும் அரண்களும் அவையே.

ஈரத்தை நீக்குதலால் மற்றொரு நன்மையும் உண்டு. சோற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீரே ஆகும். அதனால் 100 கிராம் சோறு ஏறக்குறைய 130 கலோரி ஆற்றலையே தருகின்றது. நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்துச் செய்த 30 கிராம் உருண்டை ஒன்றோ ஏறக்குறைய 150 கலோரி தரும். நிலக்கடலையின் எடையில் கால்பங்கு புரதம். பாதியை நெருங்கும் அளவு கொழுப்பு. அஞ்சற்கட்டணம் எடையைப் பொறுத்தது. நீர் மிகுந்த உணவை அனுப்புவோன் நீருக்கும் கூலி கொடுக்கின்றான். உலர்ந்த உணவை அனுப்புவோன் ஆற்றலையே அனுப்புகின்றான்.

இனிக் கடலையுருண்டை செய்யும் முறையைக் காண்போம். நிலக்கடலையை முதலில் முறத்திலிட்டுப் புடைத்து ஆராய்தல் வேண்டும். சுருங்கியன, நிறம் மாறியன, பூஞ்சை படர்ந்தன ஆகியவற்றை இரக்கமின்றி நீக்குக. இதற்குத் தக்க காரணம் உண்டு. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் பல்லாயிரம் வான்கோழிக் குஞ்சுகள் திடீரென மடிந்தன. அறிஞர் ஆராய்ந்தபோது, அவை உண்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சையின் நஞ்சு கலந்திருந்தமை தெரிந்தது. அந்நஞ்சுக்கு அஃப்லடாக்சின் எனப் பெயரிட்டனர். மனிதரின் கல்லீரலுக்கும் அது பெருங்கேடு விளைப்பது. வறுத்தலால் அது முற்றும் அழியாது. ஆதலின் தீயில் எல்லாம் தூய்மையாகிவிடும் என்று எண்ணிக் கெட்ட கடலையைச் சேர்த்தல் தகாது.

தெரிந்தெடுத்த கடலையை இளந்தீயில் கருகாது வறுத்து, ஆறியபின் தேய்த்துத் தோல் நீக்கிக் கொள்ளுக. கடலை இரண்டு கிண்ணம் ஆயின், பொடித்த வெல்லம் ஒரு கிண்ணம் போதும். வெல்லத்தைக் கால் கிண்ணம் நீரில் கரைத்து வடிகட்டினால் மண்ணும் தூசும் நீங்கும். வடித்ததை அடுப்பிலேற்றிக் காய்ச்சுக. பாகின் பதமே இத்தொழிலின் உயிர். கிண்ணத்தில் குளிர்ந்த நீர் வைத்து அதில் பாகைச் சிறிது விட்டுப் பார்த்தல் வேண்டும். கரைந்துவிடின் இன்னும் காய்ச்சுக. விரல்களால் உருட்டத்தக்க திரளை ஆயின் பதம் நெருங்கிற்று. அத்திரளையைத் தட்டில் எறிந்தால் 'ணங்' என்று ஒலிக்குமாயின் பதம் வந்துவிட்டது. உடனே அடுப்பை அணைத்து, கடலையையும் சிறிது சுக்குப்பொடி, ஏலப்பொடி ஆகியவற்றையும் கொட்டிக் கிளறிச் சூடு ஆறுமுன் உருட்டுக. கையில் நீரைத் தொட்டுக்கொள்ளலாகாது; அரிசிமாவையோ நெய்யையோ தடவிக்கொள்ளுக. அரும்பாடுபட்டு வெளியேற்றிய ஈரத்தைக் கையாலேயே மீளவும் ஏற்றுதல் அறிவுடைமையன்று. கொதிக்கும் நீரின் வெப்பம் 100 பாகை. பாகின் வெப்பமோ 120 பாகைக்கும் மேலே செல்லும். அது தோலில் ஒட்டிக்கொண்டு சுடுவது. ஆதலின் மாணவர்கள் பெரியோர் உடனிருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.

இக்கடலையே நெடுவழி நடந்து வந்த பொருள் என்பது அறியத்தக்கது. இதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா. கடல் கடந்து பல நாடுகளில் பரவி நம் நாட்டை அடைந்தது. பிலிப்பைன் நாட்டு மணிலா நகரின் பெயரால் இதனை மணிலாக்கொட்டை எனத் தமிழ்நாட்டின் வடபகுதியில் இன்றும் வழங்குவர். அயலிலிருந்து வந்த கடலை நம் வெல்லத்தோடு கூடி நம் பண்டமே ஆயிற்று. தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியில் செய்யப்படும் கடலைமிட்டாய் 2020 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.

கடலை வருமுன்னரும் வழிநடை உருண்டைகள் நம்மிடம் இருந்தன. எள்ளுருண்டை அவற்றுள் ஒன்று. பொருள்விளங்கா உருண்டை மற்றொன்று. அரிசி, பாசிப்பயறு, கோதுமை முதலியவற்றைத் தனித்தனியே வறுத்து அரைத்து, சுக்கும் ஏலமும் கூட்டி, முற்றிய வெல்லப்பாகில் பிடிப்பது இது. உள்ளிருக்கும் பொருள்கள் இன்னவென விளங்காமையால் இப்பெயர் வந்தது என்பர். தானியங்களைத் தனித்தனியே வறுத்தல் எதற்கு எனின், சிறியது விரைவிலும் பெரியது மெல்லவும் வறுபடும்; ஒருங்கே வறுத்தால் ஒன்று கருக மற்றொன்று பச்சையாக நிற்கும். சிலர் தேங்காயைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சேர்ப்பர். வீட்டில் உண்பதற்கு அது நன்று; அஞ்சலுக்கு ஆகாது. தேங்காயில் ஈரம் உண்டாதலின் உருண்டையின் ஆயுள் குறையும். இவ்வுருண்டை கல்லென இறுகியிருப்பது கண்டு நகைப்பார் உளர். பல்லுக்கு அரிதாகிய அவ்வன்மையே நெடுவழிக்கு உரிய தகுதி என்பதை அவர் அறியார்.

பண்டத்தை ஆக்கியதோடு பணி முடியவில்லை. தாய் ஒருத்தி தன் மகனுக்கு விருப்பமான பண்டத்தைச் சுடச்சுடப் பெட்டியிலிட்டு மூடி அனுப்புகின்றாள் என வைத்துக்கொள்வோம். சூட்டிலிருந்து எழுந்த ஆவி மூடியில் நீராகிப் பண்டத்தின் மீதே சொட்டும். ஐந்து நாள் கழித்துப் பெட்டியைத் திறக்கும் மகன் பூஞ்சை படர்ந்த உணவைக் காண்பான். தாய் செய்ததாயிற்றே என்று மேற்புறத்தைத் துடைத்துவிட்டு அவன் உண்ணவும் கூடும். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் நிற்பதன்று. அன்பினால் அனுப்பியது நோயாகச் சென்று சேர்ந்தால் யார்க்கு என்ன பயன்? ஆதலின் பண்டம் முற்றும் ஆறியபின்னரே கட்டுதல் வேண்டும். ஒவ்வோர் உருண்டையையும் வெண்ணெய்த்தாளில் தனித்தனியே சுற்றுக. காற்றுப்புகாத உறுதியான கலத்தில் இடைவெளியின்றி அடுக்குக. காற்றும் ஒளியும் படின் கடலையின் எண்ணெய் சிக்குநாற்றம் கொள்ளும். கண்ணாடிப் புட்டி உடையும். ஆதலின் அதனை விலக்குக. கலத்தை அட்டைப்பெட்டியில் வைத்துச் சுற்றிலும் தாளைத் திணித்து, ஆட்டிப் பார்த்தால் ஓசை எழாதபடி கட்டுக.

பெட்டியினுள்ளே ஒரு சீட்டும் வைத்தல் கடமை. அதில் செய்த நாளும் சேர்த்த பொருள்கள் அனைத்தும் எழுதப்பட வேண்டும். நிலக்கடலையும் எள்ளும் சிலருடைய உடம்புக்கு ஒவ்வா. சிறிதளவு உண்டாலும் மூச்சுத் திணறி உயிருக்கே ஊறு நேரலாம். அனுப்புமுன் அது குறித்துக் கேட்டறிதலே சாலச் சிறந்தது. வெளிநாட்டுக்கு அனுப்புவோர், அந்நாடு ஏற்கும் பொருள்கள் எவை என அறிந்து, சுங்கப் படிவத்தில் உள்ளதை உள்ளவாறு எழுதுதல் வேண்டும்.

முகவரியைத் தெளிவாக எழுதுதலும் இத்தொழிலின் ஓர் உறுப்பே. 1972 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் முதல் நம் நாட்டில் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் வழங்கி வருகின்றது. அதன் முதல் இலக்கம் நாட்டின் பெரும்பகுதியைச் சுட்டும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அவ்விலக்கம் 6. முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் உரிய அஞ்சலகத்தையும் காட்டும். ஓரிலக்கம் பிறழினும் பொதி வேற்றூர் சென்று மீளும். மீளும் நாள்களில் உணவு கெடும். போர்வீரர்க்கு அனுப்பும் பொதிகளில் படை அஞ்சலகத்தின் எண்ணே எழுதப்படும். வீரன் நிற்கும் இடம் முகவரியில் புலப்படாது. எவ்விடத்தில் நிற்கின்றான் என்பதை அறியாதிருந்தும், அவன் உண்பான் என்னும் உறுதியோடு வீட்டார் உருண்டை பிடிக்கின்றனர்.

இதுகாறும் கொடுத்தலைக் கூறினோம். கொடுத்தலினும் இனியது மாற்றிக்கொள்ளுதல். அண்டை வீட்டார் பண்டம் நிறைத்து அனுப்பிய கலத்தை வெறுங்கலமாகத் திருப்பித் தருதல் நம் நாட்டு வழக்கமன்று. மராட்டிய நாட்டில் மகரசங்கராந்தி நாளில் எள்ளும் வெல்லமும் சேர்ந்த இனிப்பை ஒருவர்க்கொருவர் அளித்து, இனிய சொல் பேசுமாறு வேண்டிக்கொள்வர். இவ்வழக்கத்தை அஞ்சல் வழியே தொலைவுக்கும் விரித்தல் இயலும். கன்னியாகுமரி மாவட்டத்து மாணவி முந்திரிக்கொத்து அனுப்பினால், கோவில்பட்டி மாணவி கடலைமிட்டாய் அனுப்பலாம். பஞ்சாபிலுள்ள தோழி கோதுமை மாவும் நெய்யும் சேர்த்துப் பிடித்த 'பின்னி' என்னும் உருண்டையை அனுப்பலாம். இம்மாற்றில் விலை பார்த்தல் இல்லை. ஓர் ஊரின் நிலமும் பயிரும் அடுப்பும் மற்றோர் ஊருக்கு அறிமுகமாகின்றன. நாட்டுப்படத்தில் புள்ளியாகக் கண்ட ஊர் நாவில் சுவையாக நிற்கும்.

மாணவர்களே! கொடுக்கும் எண்ணம் எல்லார்க்கும் எளிது. கடலையைப் புடைப்பதில், பாகின் பதம் பார்ப்பதில், ஆறும்வரை பொறுத்திருப்பதில், முகவரியை ஒருமுறைக்கு இருமுறை ஒத்துப் பார்ப்பதில் அவ்வெண்ணம் செயலாகின்றது. தொலைவில் இருப்போன் நம் முகத்தைக் காணான். நம் அன்பை நாம் எடுத்த கவனத்தாலேயே அறிவான். கட்டமுது கட்டிய கைகளின் அறிவைக் கற்றுக்கொண்டு நீங்களும் ஒரு பொதி கட்டிப் பாருங்கள்.